முத்துநகரில் முத்து எங்கே?

சென்னை எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் முத்துநகரான தூத்துக்குடியில் இறக்கிவிடும். அங்கே முத்துநகர் கடற்கரை இருக்கிறது. முத்து என்று தொடங்கும் லாட்ஜ், மெஸ், டிராவல்ஸ், நகைக்கடை எல்லாம் இருக்கின்றன. நடுத்தெருவில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். முத்து மட்டும் கண்ணில் படாது.

இதை முதலில் கண்டுபிடித்தவள் என் சின்னவள். ஐந்து வயது, எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருக்கும் புதிது. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தவள், “எல்லா இடத்துலயும் முத்துன்னு போட்டிருக்கு. எங்க வெச்சிருக்காங்கம்மா?” என்றாள். “அது கடலுக்கு அடியில இருக்கும், லூசு” என்றாள் ஒன்பது வயதுப் பெரியவள். லூசு என்று சொன்னதற்காக ஒரு சண்டை. ஆட்டோக்காரர்தான் தீர்த்துவைத்தார்: “பாப்பா சொல்லுறதுதான் சரி. நானே பார்த்ததில்ல.”

பிள்ளைகளுக்கு லீவு விட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்புவதுதான் நம் வழக்கம். துறைமுக ஊருக்குப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதும் அலுவலகத்தில் சிரித்தார்கள். எனக்கு வேறு எண்ணம். கேள்வி கேட்கும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு, படகுக்குழாமும் குதிரைச் சவாரியும் அரை நாளில் அலுத்துவிடும். வேலை நடப்பது கண்ணுக்குத் தெரிகிற ஊர் அப்படி அலுக்காது. வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை இந்தக் கடற்கரையில் எல்லா வேலையும் வெட்டவெளியில்தான் நடக்கிறது. வலை பின்னுவது, மீன் ஏலம், உப்பு வாருவது, தோணியில் சரக்கு ஏற்றுவது எதற்கும் சுவர் கிடையாது, டிக்கெட் கிடையாது.

ரயிலில் ஒன்று கவனிக்க வேண்டும். பிள்ளைகளைத் தூங்கவிட்டால் மணியாச்சி தெரியாமலே போய்விடும். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட இடம். ஆஷ் அன்று மனைவியோடு கொடைக்கானலில் இருந்த தன் பிள்ளைகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் வாஞ்சியைப் பார்த்திருந்த பெரியவளுக்கு, ஆஷுக்குப் பிள்ளைகள் இருந்தது புதுச் செய்தி. “அப்புறம் அவங்க என்ன பண்ணாங்க?” என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

ஆச்சி சொன்ன நாற்றம்

என் கணவரின் அத்தை வீட்டில்தான் தங்கல். பிள்ளைகளுக்கு அவர் ஆச்சி. எழுபத்தைந்து தாண்டிவிட்டார். 1955-லிருந்து 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தபோது பாவாடை கட்டிய சிறுமி. அதற்குப் பிறகு இந்தக் கடலில் அரசு முத்துக்குளிப்பு நடத்தவே இல்லை. ஆகவே ஆச்சி, கடைசிக் குளிப்பை நினைவில் வைத்திருக்கும் கடைசித் தலைமுறை. முத்தைப் பற்றிக் கேட்டால் அவர் முத்தைச் சொல்லமாட்டார், நாற்றத்தைத்தான் சொல்வார்.

“சிப்பிய குமிச்சுப் போட்டு அழுவ விட்டுருவாவ. காத்து இங்கன திரும்பிச்சுன்னா சோறு இறங்காது, கேட்டியா. ஈ அப்பிக்கிடும். அஞ்சாறு நாள் கழிச்சு அத அலசி அலசி முத்து பொறுக்குவாவ. எங்க அய்யா மூக்குல துண்டக் கட்டிக்கிட்டுதான் அந்தப் பக்கம் போவாவ.”

சின்னவள் முகம் தொங்கிப்போனது. அவள் மனதில் இருந்த முத்து, சிப்பி வாயைத் திறந்ததும் பளிச்சென்று மின்னுகிற கார்ட்டூன் முத்து. ஆயிரக்கணக்கில் அள்ளி வந்த சிப்பியைக் கத்தி வைத்து ஒவ்வொன்றாகத் திறக்க முடியாது. பெரும்பாலான சிப்பியில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் அழுகவிட்டு அலசுவது. சங்க காலத்திலிருந்து புலவர்கள் புகழ்ந்த கொற்கை முத்தெல்லாம் இப்படிப் புழுத்த சதைக்குள்ளிருந்து பொறுக்கப்பட்டவைதான்.

குளிக்கும் முறையையும் ஆச்சி கையைக் காலை ஆட்டிச் சொல்லிக் காட்டினார். கரையிலிருந்து தள்ளி, கடலடியில் பாறைத்திட்டாகக் கிடக்கும் இடத்துக்குப் பார் என்று பெயர். சிப்பி அதில் ஒட்டி வளரும். பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆழம். குளிகாரர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து நிற்பார். மூச்சை இழுத்துப் பிடித்துச் சைகை காட்டியதும் கல்லோடு சரசரவென்று அடிக்குப் போவார். இடுப்பு வலைப்பையில் கைக்கு அகப்பட்டதைப் போட்டுக்கொண்டு கயிற்றைச் சுண்டினால், மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். எல்லாம் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடத்துக்குள். அகப்பட்ட சிப்பியில் பெரும்பங்கு சர்க்காருக்கு. குளித்தவர்களுக்கு மூன்றில் ஒன்று. கயிறு பிடிப்பவரை நம்பித்தான் உயிர் என்பதால், மைத்துனனைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்களாம். அக்காள் தாலிக்குப் பயந்தாவது ஒழுங்காக இழுப்பான் என்று ஆச்சி சிரிக்காமல் சொன்னார்.

பிறகு முற்றத்தில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, இரண்டு பேரையும் முகத்தை முக்கி மூச்சுப் பிடிக்கச் சொன்னார். மொபைலில் நேரம் பார்த்தேன். சின்னவள் முக்கியதுமே எழுந்து, தான் ஜெயித்துவிட்டதாக அறிவித்தாள். பெரியவள் அரை நிமிடத்துக்கு முக்கி முனகி, சிவந்த முகத்தோடு வெளியே வந்தாள். “இதுல ஆழம் வேற, இருட்டு வேற, சுறா வேற” என்றார் ஆச்சி.

சுறாவுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்: கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு மந்திரம் சொல்லிப் பெருமீன்களின் வாயைக் கட்டுபவர்களுக்கு. பகலில் கட்டு; இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் இறங்கிக் குளித்துவிடக் கூடாது என்பதற்காக. கடல்கட்டி எனப்பட்ட இந்த ஆட்களை ஆங்கிலேய அரசும் வேலைக்கு வைத்திருந்தது. விஞ்ஞானம் பேசிய துரைமார்கள் மந்திரவாதிக்குப் பங்கு கொடுத்ததற்குக் காரணம், அவர் கரையில் நிற்காவிட்டால் ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பதுதான். இன்னும் பின்னால் போனால், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்க மாலுமிக் கையேடு ஒன்று, கொற்கையில் முத்துக்குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னதும் முத்து மாலை மேல் இருந்த ஆசை கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது. சின்னவளுக்குக் குறையவில்லை.

முத்து எங்கே போனது? இயல்பாகவே இது நம்பமுடியாத தொழில். பார்களில் சிப்பி சில வருடம் குவியும், இருபது முப்பது வருடம் பொய்த்துக் கிடக்கும். நீரோட்டம், மணல் மூடல், சிப்பி தின்னும் மீன்கள் என்று காரணங்கள் பல. அதற்குள் ஜப்பானில் மிக்கிமோட்டோ, சிப்பிக்குள் செயற்கையாகக் கருவை வைத்து முத்து வளர்த்துச் சந்தையில் குவித்துவிட்டார். 1930-களில் குவைத், பஹ்ரைன் முத்து வணிகமே அதில் கவிழ்ந்தது. மன்னார் வளைகுடா மட்டும் தப்புமா? 1961-க்குப் பிறகு நம் பார்கள் எழுந்திருக்கவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமியும் குழுவினரும் 1973-ல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். 1981-ல் சிப்பிக் குஞ்சையே பொரிப்பகத்தில் உண்டாக்கினார்கள். சிப்பியின் உடலுக்குள் சிறு மணி ஒன்றையும் இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கு ஒன்றையும் சேர்த்து வைத்தால், அந்தச் சதை மணியைச் சுற்றி வளர்ந்து பூச்சுப் பூச ஆரம்பிக்கும். சுவாதி நட்சத்திரத்தன்று விழும் மழைத்துளிதான் முத்தாகும் என்று முந்தின இரவு ஆச்சி சொல்லியிருந்தார். எது சரி என்று பெரியவள் என்னைக் கேட்டாள். சதைத் துணுக்கு என்றேன். “ஆச்சி சொன்னதுதான் நல்லாருக்கு” என்று சின்னவள் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

முத்து போனாலும் மூச்சுப் பிடிக்கும் ஆட்கள் போய்விடவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணமான பெண்களின் கையில் வெள்ளை வளையலாகிறது.

துறைமுகத்தில் ஒரு குடை

தூத்துக்குடியில் துறைமுகம் இரண்டு. ஊருக்குள் இருக்கும் பழைய துறைமுகத்தில் இன்னமும் மரத்தோணிகள் நிற்கின்றன. மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் போகின்றன. தெற்கே இருப்பது 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011-ல் வ.உ. சிதம்பரனார் பெயர் பெற்றது. அதன் அலைதடுப்புச் சுவர்கள் ஒவ்வொன்றும் நாலு கிலோமீட்டர் அளவுக்குக் கடலுக்குள் நீள்கின்றன. உள்ளே நாம் போக முடியாது. போகவும் வேண்டாம், வெளிச் சாலையில் நின்றால் போதும். எழுபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள காற்றாலை இறக்கை ஒன்று லாரியில் வந்து திருப்பத்தில் வளைந்ததை நாங்கள் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் பார்த்தோம். முன்னால் ஒருவர் கொடி அசைக்க, பின்னால் ஒருவர் நடந்தபடியே பின்சக்கரத்துக்கு வழி சொல்ல, இறக்கையின் நுனி ஒரு பெட்டிக்கடைக் கூரைக்கு மேலாக மெதுவாகக் கடந்து போனது. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சர்பத் கலக்கிக்கொண்டிருந்தார்.

வ.உ.சி. கதையில் என் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது செக்கு அல்ல, குடை. 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி போட்டிக்குக் கட்டணத்தைக் குறைத்தது. அதுவும் எடுபடாமல், இலவசமாக வா, கூட ஒரு குடையும் தருகிறேன் என்று அழைத்ததாகச் சொல்வார்கள். “நீங்கன்னா எதுல போயிருப்பீங்க?” என்று கேட்டேன். பெரியவள் சுதேசி என்றாள். சின்னவள், குடையை வாங்கிக்கொண்டு சுதேசிக் கப்பலில் போவேன் என்றாள். 1908-ல் கோரல் மில் வேலைநிறுத்தமும் கைதும் இரட்டை ஆயுள் தண்டனையும் வந்து கம்பெனி நொடித்ததைச் சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் பசி வந்துவிட்டது.

பசிக்கு இந்த ஊரில் மக்ரூன் இருக்கிறது. முந்திரிப் பருப்புத் தூள், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, வேறொன்றும் கிடையாது. அடித்து நுரைத்ததைக் கூம்பாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் பலமணிநேரம் வைத்து எடுப்பார்கள். கடிக்க வேண்டியதில்லை, நாக்கில் வைத்ததும் உதிர்ந்துவிடும். பையில் போட்டுக் குலுக்கினால் வீடு சேரும்போது மாவுதான் மிஞ்சும். டப்பாவில்தான் வாங்க வேண்டும்.

பெண்பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோச் பூங்கா, முயல்தீவு, முத்துநகர் கடற்கரை மூன்றும் குழந்தைகளுக்கு ஏற்ற இடங்கள். ஆனால் நான் போன கடற்கரை ஒன்றில் கழிப்பறைக் கதவு பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். கடைசியில் பக்கத்துத் தெருவில் முகம் தெரியாத ஓர் அம்மா தன் வீட்டைத் திறந்துவிட்டார். இந்தக் கரையில் மனிதர்களை நம்பலாம். பொதுக் கழிப்பறையை நம்பிக் கிளம்பாதீர்கள். டிசம்பரிலும் கிளம்பாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் மாட்டி, கைக்குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் நகர முடியாமல் கிடந்தார்கள். ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். திருவிழாக் கூட்டம் பிடிக்குமென்றால் ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் முடியும் பனிமய மாதா திருவிழாவுக்குப் போகலாம். மாதாவின் தங்கத்தேரைப் பார்க்க நினைத்தால் வருடம் பார்த்துப் போக வேண்டும். 2013-க்குப் பிறகு 2023-ல்தான் இழுத்தார்கள்.

கசக்கும் உப்பு

திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம் தாண்டி முள்ளக்காடு பக்கம் போனால் இரண்டு புறமும் உப்பளம். உப்பு உற்பத்தியில் நாட்டில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டம். இருட்டோடு வேலை தொடங்கிவிடுவதால் அதிகாலையிலேயே போய்விட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் பாத்தியிலிருந்து எழும் வெளிச்சம் கண்ணைக் குத்தும்.

நாங்கள் போனபோது பெண்கள் வரிசையாக உப்பைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் சும்மாடு, காலில் சிலருக்கு பூட்ஸ், சிலருக்குப் பழைய சாக்ஸ். அம்பாரத்தின் மேல் ஏறிக் கொட்டிவிட்டு இறங்கும்போது யாரும் காலடியைப் பார்ப்பதில்லை. பாத்தி ஒன்றில் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. உப்பு ஏற ஏற அதில் வளரும் நுண்ணுயிர்களின் நிறம் அது. சின்னவள் குனிந்து ஒரு கல் உப்பை வாயில் போட்டுவிட்டாள்.

“ஏட்டி, துப்பு! கசக்கும்” என்றார் ஓர் அக்கா.

கசக்கத்தான் செய்தது. கடல்நீரில் இருக்கும் மக்னீசியத்தின் கசப்பு. உப்பு விளைந்ததும் மிஞ்சும் நீரை வடித்து, உப்பைக் குவித்து வைத்தால்தான் அது இறங்கும். பெரியவள் அந்த அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதத்தில் வெடிப்பு வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. “வலிக்குமா அத்தை?” என்று கேட்டாள். “வலிக்கும். வேல முடிஞ்சு நல்ல தண்ணியில கழுவும்போதுதான் கூட வலிக்கும்” என்றவர், “நீ நல்லா படி, என்ன?” என்று சேர்த்துக்கொண்டார். தன் மகள் கல்லூரியில் பி.காம். படிப்பதாக என்னிடம் தனியாகச் சொன்னார். மழைக்காலத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு அரசு 5000 ரூபாய் தருகிறது; அது எத்தனை நாளைக்குக் காணும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இவர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

முத்துக்குளித்தவர்களுக்கு மார்க்கோ போலோ வந்தார், கிரேக்க மாலுமி வந்தான், புலவர்கள் பாடினார்கள். உப்பள வேலைக்குச் சுற்றுலாக் கையேட்டில் ஒரு வரி இடமில்லை. என் பிள்ளைகள் ஊர் திரும்பி வகுப்பில் சொன்னது உப்பைப் பற்றித்தான்.

கடல் விட்டுப்போன ஊர்கள்

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கைக்குப் போய்க் கடலைத் தேடினால் கிடைக்காது. வாழைத் தோட்டமும் குளமும் முதிய வன்னிமரமும் இருக்கின்றன. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கரை தள்ளித் தள்ளிப் போய், கடல் இப்போது சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தமிழகத் தொல்லியல் துறை 1968-69-ல் இங்கே தோண்டியது. ஆறு கடலில் சேரும் இடத்தில் புன்னைக்காயல். 1586-ல் அன்றீக்கே அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ தமிழ் எழுத்தில் அச்சான ஊர். இன்று அதன் தெருவில் நடந்தால் வலை உலர்கிறது, கருவாடு காய்கிறது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

திருச்செந்தூரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2025 ஜூலை 7 குடமுழுக்குக்குப் பிறகு கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. கைக்குழந்தையோடு வரிசையில் நிற்பது பெரும்பாடு. அலையடிக்கும் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும் நாழிக்கிணறுதான் பிள்ளைகளுக்கு அதிசயம்.

நாள் முழுக்க இருக்க வேண்டிய இடம் மணப்பாடு. மணல்குன்றின் மேல் 1581-ல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் அடங்கிய காயல். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நடக்கும் ஊர் இதுதான். சின்னக் குழந்தைகளைக் காயல் பக்கம் விடலாம். அலைப் பக்கம் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

போகும் வழியில் குலசேகரன்பட்டினத்தைக் கடந்தோம். தசராவுக்குப் பேர்போன ஊர். இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் இங்கே அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் ராக்கெட் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேராகத் தெற்கே கடல்தான். சிறு ராக்கெட்டுகளுக்கு அது பெரிய லாபம். பெரியவள் இதை மணப்பாட்டில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரிதான், பாப்பா. ராக்கெட் விடுற அன்னைக்கு எங்களக் கடலுக்குப் போவாதன்னுருவான். அன்னைக்குச் சம்பளம் யாரு தருவாவ?”

பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் என் கணவரைப் பார்த்தேன்.

“விசாரிச்சுச் சொல்றேன் மாமா” என்றாள். இஸ்ரோவுக்குக் கடிதம் எழுதப் போகிறாளாம், முகவரி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.